விகடன் விமர்சனக் குழுவுக்குச் சாத்தூரிலிருந்து ஒரு நன்றி மடல்

அன்புள்ள ஆனந்த விகடன் விமர்சனக் குழுவினருக்கு,

சாத்தூரில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதுகிறேன். ஆண்டுதோறும் நீங்கள் அறிவிக்கும் சினிமா விருதுகளில் ‘சிறந்த படம்’ எது என்று முதலில் தேடிப் பார்க்கிற வாசகன். இத்தனை வருடமாகச் சொல்லாத நன்றியைச் சொல்லவே இந்த மடல்.

எங்கள் பக்கத்துக்குச் சினிமா அந்நியமல்ல. தமிழ்நாட்டுச் சுவர்களில் ஒட்டிய போஸ்டர்களில் எத்தனையோ சிவகாசி அச்சகங்களில் ஓடியவை. படம் திரைக்கு வருமுன்பே நாயகர்களின் முகங்கள் இங்கிருந்து லாரி ஏறிவிடும். ஆனால் அந்தத் தாள்களை மடித்துக் கட்டிய கைகளும் தீப்பெட்டி ஒட்டிய கைகளும் திரையில் வந்தது அபூர்வம்.

வந்ததை மறக்க முடியாது. கோவில்பட்டிப் பக்கத்து எழுத்தாளர் பூமணி, தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் தயாரிப்பில் ‘கருவேலம்பூக்கள்’ எடுத்தார். நாசரும் ராதிகாவும் நடித்த அந்தப் படம், தீப்பெட்டி ஆபீஸுக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகளின் கதை. இருட்டோடு எழுப்பி, தூக்கம் கலையாத பிள்ளைகளை வேனில் ஏற்றிவிட்ட காலம் எங்கள் ஊர்களில் இருந்தது. பள்ளிக்கூட வயதில் கட்டையில் தீக்குச்சி அடுக்கினார்கள், பெட்டி ஒட்டினார்கள். தீப்பெட்டி, பட்டாசு வேலையில் குழந்தைகளை வைக்கக் கூடாது என்று 1986-லேயே சட்டம் வந்தும் அந்த வழக்கம் உடனே நிற்கவில்லை. வானம் பொய்த்த கரிசலில் அந்தக் கூலியை நம்பித்தான் பல வீடுகளில் உலை கொதித்தது. பிள்ளைகளை அனுப்பிய பெற்றோரின் கையறு நிலையையும் சேர்த்துக் காட்டியதால்தான் அந்தப் படம் எனக்குப் பெரிது. பிறகு 2006-ல் விருதுநகர்க்காரரான வசந்தபாலன் ‘வெயில்’ எடுத்தார். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தபோது எங்கள் மாவட்டமே பெருமைப்பட்டது.

இப்படிப்பட்ட படங்களுக்கு உங்களைப் போன்ற விமர்சகர்கள் தரும் விருது ஏன் தேவை என்பது சின்ன ஊர்க்காரனுக்கு நன்றாகத் தெரியும். பெரிய நடிகர் இல்லாத படம் இங்கே வெள்ளிக்கிழமை வந்தால், அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்க முடியாது. அதற்குள் தூக்கிவிடுவார்கள். வசூல் கணக்கில் அதோடு அந்தப் படம் முடிந்தது. ஆனால் நீங்கள் வருடக் கடைசியில் உட்கார்ந்து, தீபாவளிக்கு வந்த பெரிய படத்தையும் நான்கு நாள் ஓடிய படத்தையும் ஒரே தராசில் வைக்கிறீர்கள். லெனின் பாரதியின் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ 2018-ல் வந்தபோது நான் தவறவிட்டேன். விமர்சனங்களைப் படித்த பிறகே தேடிப் பிடித்துப் பார்த்தேன். ஒரு துண்டு நிலத்துக்காக மலையேறி இறங்கும் அந்தப் படத்தின் நாயகன் ரங்கசாமியை எங்கள் ஆபீஸில் எல்லாருக்கும் தெரியும், வேறு பெயர்களில்.

உங்கள் கண்டிப்புக்கும் நன்றி. 1977-ல் ‘16 வயதினிலே’ படத்துக்கே நூற்றுக்கு 62.5 மதிப்பெண்தான் கொடுத்தீர்கள். ஐம்பதைத் தொடுவதே அரிது என்று இருப்பதால்தான் உங்கள் பாராட்டை நம்பி இருநூறு ரூபாய் செலவழிக்கிறோம். ‘சந்திரலேகா’ எடுத்த எஸ்.எஸ்.வாசன் வளர்த்த பத்திரிகை, சினிமாக்காரர்களுக்குச் சலுகை காட்டாமல் மதிப்பெண் போடுகிறது. தனி ஒருவர் பெயர் இல்லாமல் ‘விகடன் விமர்சனக் குழு’ என்றே கையெழுத்திடும் வழக்கமும் எனக்குப் பிடிக்கும்.

உரிமையோடு ஒன்று கேட்கிறேன். விருது இதழில் ஒரு பக்கம், ‘கருவேலம்பூக்கள்’ போன்ற பழைய படங்களுக்கும் ஒதுக்குங்கள். இன்று பயராபீஸ் (பட்டாசு ஆலை) பஸ்ஸில் செல்போனில் படம் பார்த்துக்கொண்டே போகும் இளைஞர்களுக்கு, தங்கள் அம்மாக்களின் சின்ன வயதைப் பற்றி ஒரு படம் இருப்பதே தெரியாது. நீங்கள் எழுதினால் தேடிப் பார்ப்பார்கள்.


சாத்தூர் வாசகன்