வெண்டைக்காயும் வெறும் பேச்சும்

தூத்துக்குடியை அடுத்த உப்பளத் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில், சென்ற மே திங்களில், சுயமரியாதைத் திருமணம் ஒன்றுக்குத் தலைமை தாங்கினோம். புரோகிதர் இல்லை, புகை இல்லை, புரியாத மொழி இல்லை. மாலை மாற்றிக்கொண்டனர், மணமக்களாயினர். அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, 1967ஆம் ஆண்டில், இத்தகைய திருமணங்களுக்குச் சட்டமன்றம் சட்டத் தகுதி வழங்கிய வரலாற்றை எடுத்துரைத்தோம். 1929இல் செங்கற்பட்டில், ஊ.பு.அ. சௌந்தரபாண்டியனார் தலைமையில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை கேட்டதையும், அந்த உரிமை தமிழ்நாட்டில் 1989இல் சட்டமானதையும் விளக்கினோம். பிறகு மணமகனை நோக்கித் திரும்பி, "தம்பி! அடுப்படி பெண்ணுக்கு எழுதி வைத்த சாசனம் அல்ல. அங்கே உனக்கும் பங்கு உண்டு!" என்று முழங்கினோம். கைதட்டல் எழுந்தது. மகிழ்ந்தோம்.

மேடையை விட்டு இறங்கினோம். முதிய தாய் ஒருவர் எதிரே வந்தார். பாத்தியில் உப்பு வாரி வாரிக் காய்த்துப்போன கைகள். உப்பு நீர் தின்ற பாதங்கள். "எய்யா, நல்லாத்தான் பேசுனிய. நீங்க வீட்டுல சோறு பொங்குவியளா?" என்று கேட்டார்.

குத்தலாகக் கேட்கவில்லை, அறிந்துகொள்ளவே கேட்டார். என்ன விடை சொன்னோம் தெரியுமா? "காலப்போக்கில் எல்லாம் மாறும் அம்மா, பணிகள் மிகுதி, இருந்தாலும் கொள்கையளவில் நாம்..." என்று தொடங்கி, எங்கெங்கோ சுற்றி, எதையும் சொல்லாமல் முடித்தோம். அந்தத் தாய் தலையை ஆட்டிவிட்டுப் பந்திக்குப் பரிமாறப் போய்விட்டார்.

வீடு திரும்பும் வழியில், உடன் வந்த எம் மகள் மெல்லச் சொன்னாள்: "அப்பா, விளக்கெண்ணெயில் வெண்டைக்காயை வதக்கினாற்போல இருந்தது உங்கள் பதில்."

தோழர்களே! வசை பல கேட்டவர் நாம். மாற்றார் வீசிய சொல்லம்புகளை மலராகக் கருதியவர். ஆனால் மகள் சொன்ன அந்த ஒரு சொல் தைத்தது. வெண்டைக்காய் என்றா சொன்னாய்? நாளை அந்த வெண்டைக்காயையே சமைத்துக் காட்டுகிறோம், வழவழப்பு ஒரு துளியும் இன்றி, மொறுமொறுவென்று, என்று சூளுரைத்தோம். சூளுரைப்பதில் நாம் என்றுமே பின்தங்கியதில்லை!

காலமும் அதற்கு ஏற்றதாகவே இருந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள், கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை. நாட்டுப்படகு கொண்டுவரும் மீனுக்கு விலை ஏறிவிடும். மீன் இன்றிச் சோறு இறங்காத நம் கடற்கரை மக்கள்கூட அந்நாட்களில் காய்கறிச் சந்தைப் பக்கம் பார்வையைத் திருப்புவர். நாமும் திருப்பினோம். சந்தையில் பெண்கள் வெண்டைக்காயின் நுனியை ஒடித்து ஒடித்துப் பார்த்து வாங்குவதும், "ஒடிக்காதீங்க தாயி!" என்று கடைக்காரர் அலறுவதும் நெடுநாளாகக் கண்ட காட்சி. ஏன் ஒடிக்கிறார்கள் என்று ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. 'பட்'டென்று ஒடிந்தால் இளசு. நார் இழுத்தால் முற்றல். அவ்வளவுதான் செய்தி. அதை அறியாத நாம் பார்வைக்குப் பருமனான காய்களாகப் பொறுக்கி அரைக் கிலோ வாங்கி வந்தோம். பாதி முற்றல்.

முதல் நாள் முயற்சியை மறைக்காமல் கூறிவிடுகிறோம். காயை நறுக்கினோம். நறுக்கிய பின், தூய்மையில் நாட்டம் கொண்டு, தண்ணீரில் அலசினோம்! உப்பையும் மிளகாய்த்தூளையும் அள்ளிப் போட்டுப் பிசறி, 'ஊறட்டும்' என்று ஒரு மணி நேரம் வைத்தோம். பிறகு அனைத்தையும் ஒரே தடவையில் சட்டியில் கொட்டி, எண்ணெய் தெறிக்கிறதே என்று அஞ்சி மூடியும் போட்டோம். திறந்து பார்த்தபோது உள்ளே இருந்தது வறுவலா? இல்லை! சுவரொட்டி ஒட்டும் பசை! கழகத் தோழர்கள் பார்த்திருந்தால் வாளியில் எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள்.

துணைவியார் சிரிக்கவில்லை. "என்னங்க, ஒவ்வொன்றும் தலைகீழாகச் செய்திருக்கிறீர்களே" என்று மட்டும் சொன்னார். மறுநாள் அவர் நாற்காலியில் அமர்ந்து சொல்லச் சொல்ல, நாம் நின்று செய்தோம். முப்பது ஆண்டு மணவாழ்வில் அவர் அமர, நாம் அடுப்படியில் நின்றது அதுவே முதன்முறை.

வெண்டைக்காயின் சதைக்குள் நீரில் கரையும் பசைப்பொருள் ஒன்று உண்டு. நறுக்கியதும் அது வெளிப்படும். நீர் பட்டால் ஊறிப் பெருகும். ஆகவே முழுக்காயாகவே கழுவ வேண்டும்; துணியால் ஒவ்வொன்றாகத் துடைக்க வேண்டும்; மின்விசிறியின் கீழ் அரை மணி நேரமாவது உலர்த்த வேண்டும். கத்தியும் பலகையும் கையும் ஈரமின்றி இருக்க வேண்டும். காம்பையும் நுனியையும் நீக்கிவிட்டுச் சாய்வாக, மெல்லிய நீள் துண்டுகளாக நறுக்குதல் நலம். பருமனாக இருப்பின் உட்புறம் ஈரம் தங்கிவிடும்.

அரைக் கிலோ காய்க்குக் கடலை மாவு மூன்று மேசைக்கரண்டி, பச்சரிசி மாவு இரண்டு மேசைக்கரண்டி. கடலை மாவு காயைப் பற்றிக்கொள்ளும். அரிசி மாவு மொறுமொறுப்பைத் தரும். மிளகாய்த்தூள் ஒன்றரைத் தேக்கரண்டி, மல்லித்தூள் ஒன்று, சீரகத்தூள் அரை, மஞ்சள்தூள் கால், பெருங்காயம் ஒரு சிட்டிகை. தண்ணீர்? கூடவே கூடாது. காயில் இயல்பாக உள்ள ஈரமே மாவை ஒட்டவைக்கப் போதுமானது.

உப்பு? இங்கேதான் நாம் தலைகுனிந்தோம். உப்பு காயிலுள்ள நீரை வெளியே இழுக்கும். முன்கூட்டியே இட்டால் நீர் கசிந்து மாவு கூழாகிவிடும். எண்ணெய் காய்ந்து, துண்டுகளைப் போடப்போகும் நொடியில்தான் உப்பைத் தூவிப் புரட்ட வேண்டும். குசராத்திற்கு அடுத்தபடியாக நாட்டுக்கு உப்பு அளிக்கும் ஊர் நம் ஊர். அந்த ஊரில் பிறந்து வளர்ந்து, உப்புச் சத்தியாக்கிரகம் முதல் உப்பு வரி வரை மேடையில் விளக்கிய நமக்கு, உப்பை எப்போது இடவேண்டும் என்பது தெரிந்திருக்கவில்லை!

கடலை எண்ணெய் காய்ந்ததும் ஒரு துண்டைப் போட்டுப் பார்த்தோம். நுரைத்துக்கொண்டு உடனே மேலே வந்தது. கைப்பிடி அளவாக, சிறுகச் சிறுகப் போட்டோம். ஒரேயடியாகக் கொட்டினால் எண்ணெயின் சூடு இறங்கி, காய் பொரிவதற்கு மாறாக வேகத் தொடங்கிவிடுமாம். முதலில் பெருஞ்சலசலப்பு, அது காயிலுள்ள நீர் ஆவியாகி வெளியேறும் ஒலி. ஐந்தாறு நிமிடத்தில் அந்த ஒலி தணியும், குமிழி குறையும். "கண்ணால் பார்க்காதீர்கள், காதால் கேளுங்கள்" என்றார் துணைவியார். ஒலி அடங்கியதும் சல்லிக்கரண்டியால் அரித்தெடுத்து, அகலமான தட்டில் பரப்பினோம். குவித்தாலும் மூடினாலும் ஆவி உள்ளேயே தங்கிச் சொதசொதத்துவிடும். கடைசியில் ஒரு கொத்துக் கறிவேப்பிலையும் ஒரு பிடி நிலக்கடலையும் பொரித்துத் தூவினோம்.

இவ்விடத்தில் ஒன்று கூற வேண்டும். "சமையல் பெண்ணின் தொன்மையான மரபு, அதில் கை வைக்காதீர்" என்போர் உண்டு. அவர் போற்றும் மரபுச் சமையலில் மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. போர்த்துகீசியர் வழியே வந்தது. அந்தப் போர்த்துகீசியர் 16ஆம் நூற்றாண்டில் நம் முத்துக்குளித்துறையில்தான் கோலோச்சினர். நிலக்கடலையும் அமெரிக்கக் கண்டத்ததே. வெண்டைக்காய்க்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'ஓக்ரா' என்னும் பெயரோ மேற்கு ஆப்பிரிக்க இக்போ மொழியினின்று வந்தது. விலங்கு பூட்டி அட்லாண்டிக் கடல் கடத்தப்பட்ட மக்களோடு அந்தக் காயும் பெயரும் அமெரிக்கக் கரை ஏறின. சட்டியில் இருப்பவற்றுள் பல இடம் மாறி வந்தவை. அகப்பை பிடிக்கும் கை மட்டும் மாறக்கூடாதாம்!

மூன்றாவது ஈட்டைப் போடும்போது, எண்ணெய் தெறித்து எம் மணிக்கட்டில் பட்டது. 'ஆ'வென்று அலறி ஊரையே கூட்டினோம். துணைவியார் எழுந்து வந்து, குழாயைத் திறந்து எம் கையை நீரில் பிடித்தார். அப்போதுதான் அருகருகே இருந்த இரு மணிக்கட்டுகளையும் பார்த்தோம். அவருடையதில் சிறு சிறு தழும்புகள். சில பழையவை, சில புதியவை. எண்ணத் தொடங்கினோம், எண்ணி முடிக்கவில்லை. ஒவ்வொன்றும் எந்த நாளில் விழுந்ததோ! அன்று நாம் எங்கே இருந்தோமோ! ஏதோ ஒரு மேடையில், பெண் விடுதலை குறித்துப் பேசிக்கொண்டிருந்தோமோ!

பொரித்து முடித்தோம். மகனும் மகளும் உண்ண அமர்ந்தனர். நாம் பரிமாறினோம். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்றனர். சோறு, ரசம், மோர் என்று நடந்து நடந்து, எல்லோரும் எழுந்தபின் நாம் அமர்ந்தோம். தட்டில் எஞ்சியிருந்ததை வாயில் இட்டோம். மொறுமொறுப்பு இல்லை! துவண்டு, தொய்ந்து, எண்ணெய் வடிய நாவில் ஒட்டிக்கொண்டது. கடற்கரை ஊரின் ஈரக்காற்றில் இந்த வறுவலின் மொறுமொறுப்புக்கு ஆயுள் மிகக் குறைவு.

"என்ன இது, இப்படி ஆகிவிட்டதே?" என்றோம்.

"அது அப்படித்தாங்க இருக்கும்" என்றார் துணைவியார்.

அந்தச் சொல்லின் பொருள் விளங்கச் சற்று நேரம் பிடித்தது. முப்பது ஆண்டுகளாக அவர் பொரித்தார், நாம் உண்டோம். "இன்று இன்னும் சற்று முறுகியிருக்கலாம்" என்று தீர்ப்பும் வழங்கினோம். எல்லோரும் உண்டு எழுந்தபின் உண்பவருக்கு வெண்டைக்காய் வறுவல் என்பது இந்தத் துவண்ட பண்டந்தான். தாம் ஆக்கிய மொறுமொறுப்பைத் தாம் ஒருநாளும் உண்டறியாதவர் அவர்! இதை எந்த நூலும் நமக்குச் சொல்லவில்லை, சட்டி சொன்னது.

வெண்டைக்காய் தின்றால் கணக்கு வரும் என்பார்கள். அறிவியல் சான்று ஏதுமற்ற நம்பிக்கை. ஆயினும் அன்றிரவு நமக்குக் கணக்கு வந்தது. நடுவண் அரசு 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டு வேலையில் நாள்தோறும் ஈடுபடும் பெண்கள் நூற்றுக்கு 81 பேர். ஆண்கள் 26 பேர். ஈடுபடும் பெண் செலவிடுவது 299 நிமிடம். ஆண் 97 நிமிடம். ஐந்தாண்டு கழித்து 2024இல் மீண்டும் கணக்கெடுத்தபோது பெண்ணுக்கு 289, ஆணுக்கு 88. பெண்ணின் சுமை 10 நிமிடம் குறைந்ததே என்று மகிழப் போனால், ஆணும் 9 நிமிடத்தைக் குறைத்துக்கொண்டு தப்பிவிட்டிருக்கிறான்!

ஐஸ்லாந்து என்ற பனித்தீவில், 1975 அக்டோபர் 24 அன்று, பத்தில் ஒன்பது பெண்கள் அலுவலகத்துக்கும் போகவில்லை, அடுப்பும் மூட்டவில்லை. ஆடவர் பிள்ளைகளை அலுவலகத்துக்குத் தூக்கிக்கொண்டு அலைந்தனர். எளிதில் வெந்துவிடும் 'சாசேஜ்' கடைகளில் தீர்ந்துபோயிற்றாம். நம் ஊரில் அப்படி ஒரு நாள் வந்தால்? பரோட்டாக் கடைகளின் பாடு என்னாகும் என்று எண்ணிப் பார்த்தோம். சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை.

அடுத்த ஞாயிறு மீண்டும் பொரித்தோம். இம்முறை இளசாக, ஒடித்துப் பார்த்து வாங்கினோம்; கடைக்காரரிடம் திட்டும் வாங்கினோம். முதல் ஈட்டை எடுத்ததும் துணைவியாரை அமரச் செய்து, தட்டை அவர் முன் வைத்தோம். "பிள்ளைகள் சாப்பிடட்டும்" என்றார். "பிறகு" என்றோம். ஒரு துண்டை எடுத்துக் கடித்தார். 'மொறுக்' என்ற ஒலி எமக்கும் கேட்டது. இன்னொன்றை எடுத்தார். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "உப்பு ஒரு கல் கூடிவிட்டது" என்றார். தட்டு காலியாகிவிட்டது.

ஜூன் திங்களில் அந்த உப்பளக் குடியிருப்புக்கு மீண்டும் போகும் வாய்ப்பு நேர்ந்தது. அந்த முதிய தாயைத் தேடிப் போய்க் கண்டோம். "அம்மா, அன்று கேட்டீர்களே, இப்போது ஞாயிறுதோறும் நாம்தான் சமைக்கிறோம்" என்று, சற்றுப் பெருமிதமாகவே, வெண்டைக்காய்க் கதையை விரித்துரைத்தோம். அவர் முழுவதும் கேட்டார். கேட்டுவிட்டு, "சட்டிய யாருய்யா கழுவுனது?" என்றார்.

இம்முறை வழவழப்பு இன்றி விடை சொன்னோம்.

"நாங்கள் அல்ல, அம்மா."