வீம்புக்கு அடங்காத வெயில்

"நாங்க பாக்காத வெயிலா" என்று சொல்வதை நிறுத்திக்கொள்ளுங்கள் என்று என் வயதுக்காரர்களிடம் கொஞ்ச நாளாகவே சொல்லி வருகிறேன். மூங்கில்துறைப்பட்டில் சித்திரை பிறந்துவிட்டால் டீக்கடை பெஞ்சில் இந்தப் பெருமை தினமும் அரங்கேறும். செருப்பில்லாமல் நடந்தது, உச்சி வெயிலில் ஏர் ஓட்டியது, ஒரு சொம்புக் கூழில் பொழுதை ஓட்டியது என்று ஆளுக்கொரு கதை. எதுவும் பொய்யில்லை. ஆனால் பக்கத்தில் நின்று அதைக் கேட்கிற இருபது வயதுப் பையன், மறுநாள் தலை சுற்றினாலும் நிழலுக்குப் போகக் கூச்சப்படுகிறான். எனக்கு உறுத்துவது அதுதான்.

என் காலமெல்லாம் சர்க்கரை ஆலைகளில், பாய்லிங் ஹவுஸ் பக்கம் போயிற்று. நீராவி, கொதிக்கும் சாறு, குழாய், பம்பு இவற்றோடு பழகியவனுக்கு ஒன்று புரிந்துவிடும். வெப்பம் யாருடைய வீம்பையும் பார்ப்பதில்லை. வழி இருந்தால் போகும், வழி இல்லையென்றால் தங்கும். மனித உடம்பும் இதற்கு விலக்கில்லை. போன கோடையில் பேரன் ஒருவன், "தாத்தா, சட்டைக்குள்ளயே ஃபேன் வச்சுத் தைக்கிறாங்க, வாங்கித் தரவா?" என்று போனில் படம் காட்டினான். அதிலிருந்து இந்த உடுத்தும் குளிர்சாதனங்களைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் பாதி எனக்கு ஆலையிலேயே தெரிந்த கணக்கு.

சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதனின் உடம்பு ஏறக்குறைய 100 வாட் வெப்பத்தை வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. கரும்பு வெட்டி, கட்டு கட்டி, தூக்கி லாரியில் ஏற்றுகிறவருக்கு அது 400 வாட்டைத் தாண்டும். அவ்வளவும் வெளியேறியாக வேண்டும். தங்கினால், 37 டிகிரியில் நிற்க வேண்டிய உள்ளுடம்பின் சூடு மெல்ல ஏறும். 40-ஐத் தாண்டி, பேச்சு குழறி, நினைவு தடுமாறினால் அது வெப்பவாதம். உடனே குளிரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாவிட்டால் உயிருக்கே ஆபத்து.

வெயில் நேரத்தில் தோலின் சூடு 35 டிகிரி வாக்கில் இருக்கும். காற்று அதைவிடக் குளிர்ச்சி என்றால் காற்றே நம் சூட்டை வாங்கிக்கொண்டு போகும். காற்று 38, 39 என்று நின்றால் கொடுக்கல் வாங்கல் தலைகீழாகிவிடும். அப்புறம் வியர்வை ஒன்றுதான் கதி. ஒரு லிட்டர் வியர்வை தோலின்மேலேயே ஆவியானால் சுமார் 2,400 கிலோஜூல் வெப்பம் கூடவே போகும். அந்த 400 வாட்டை வியர்வையால் மட்டும் போக்க வேண்டுமானால் மணிக்கு 600 மில்லி ஆவியாக வேண்டும். ஆவியாக வேண்டும், கவனியுங்கள். புருவத்திலிருந்து சொட்டி மண்ணில் விழுகிற வியர்வையால் உடம்புக்கு நட்டம்தான். மண்பானை, மேலே கசியும் ஈரத்தைக் காற்றுக்குக் கொடுத்துத்தான் உள்ளே குளிர்கிறது. அதே பானையைப் பாலித்தீன் பையில் சுற்றி வைத்துப் பாருங்கள்.

அந்த ஈரத்தைக் காற்று எப்படிக் கொண்டுபோகிறது என்பதில்தான் பாய்ம இயக்கவியல் வருகிறது. காற்றும் தண்ணீரும் ஓடுகிற விதத்தை ஆராயும் படிப்பு அது. நம் தோலை ஒட்டிச் சில மில்லிமீட்டர் கனத்தில் ஒரு காற்றுப் படலம் எப்போதும் போர்த்திக்கொண்டிருக்கிறது. குளிர்ந்த அறையில் அது தோலின் சூட்டால் லேசாகி, காலிலிருந்து தலைவரை ஏறி, உச்சந்தலைக்கு மேலே புகைபோல எழுகிறது. கண்ணுக்குத் தெரியாத இந்த ஓட்டத்தைத் தனி ஒளியியல் முறையில் படம் பிடித்து, 1969-ல் பிரிட்டனின் லான்செட் மருத்துவ இதழில் ஆய்வாளர்கள் எழுதினார்கள். சும்மா நிற்கிற மனிதனைச் சுற்றியும் ஓயாமல் காற்று ஓடுகிறது என்பது எனக்குப் புதுச் செய்தி. ஆனால் வெளிக்காற்று தோலளவு சூடானதும் இந்த ஓட்டம் படுத்துவிடும். படலம் அசையாமல் நின்று, வியர்வையின் ஈரத்தால் நிறைந்து, இனி ஒரு சொட்டும் வாங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும். காற்று வீசினால்தான் படலம் மெலியும், ஈரம் கிளம்பும்.

கரும்புக் கொல்லைக்குள் காற்று வீசுவதில்லை. ஆளுயரத்துக்கு மேல் நெருங்கி நிற்கிற பயிருக்குள் வெளிக்காற்று நுழையாது, போதாததற்கு இலைகள் விடும் ஈரமும் சேர்ந்துகொள்ளும். தோகையின் விளிம்பு கையைக் கிழிக்கும் என்பதால் வெட்டாட்கள் எவ்வளவு வெயிலானாலும் முழுக்கைச் சட்டை போட்டுத்தான் ஆக வேண்டும். கழுத்துவரை பொத்தான், தலையில் முண்டாசு. வெளியே காற்றில்லை, சட்டைக்குள் அதைவிட இல்லை. வரப்பில் நின்று பார்க்கிறவருக்குத் தெரியும் வெயில் வேறு, உள்ளே குனிந்து வெட்டுகிறவர் அனுபவிக்கும் வெயில் வேறு.

ஜப்பான்காரர்கள் தீர்க்கப் பார்த்தது இதைத்தான். சோனி நிறுவனத்தில் வேலை பார்த்து வெளியே வந்த ஹிரோஷி இச்சிகாயா என்பவர் கூச்சோஃபுகு என்ற பெயரில் 2004-ல் நிறுவனம் தொடங்கி, விசிறி வைத்த சட்டையை விற்பனைக்குக் கொண்டுவந்தார். முதுகின் கீழ்ப்பக்கம் இடுப்புக்கு இரண்டு புறமும் சின்ன விசிறிகள், பையில் பேட்டரி. வெளிக்காற்றை உள்ளே இழுத்து, முதுகு வழியாக ஏற்றி, கழுத்திலும் மணிக்கட்டிலும் வெளியே விடும். இன்று ஜப்பானில் கட்டட வேலை நடக்கும் இடமெல்லாம் பலூன்போல உப்பிய சட்டைகளைப் பார்க்கலாம். உப்புவதுதான் அதன் சூட்சுமம். துணி தோலில் ஒட்டாமல் விலகினால்தான் காற்றுக்குப் பாதை கிடைக்கும். புழுக்கம் என்று முன்பொத்தான்களைத் திறந்துவிட்டால் வேலை கெட்டது. காற்று எப்போதும் தடை குறைந்த வழியையே பிடிக்கும், அதனால் கழுத்துவரை ஏறாமல் திறந்த இடத்தில் ஓடிப்போகும். பாய்லர் பக்கம் வேலை பார்த்தவர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அந்தச் சட்டை காற்றைக் குளிர வைப்பதே இல்லை, வியர்வைக்கு வழிவிடுவதோடு சரி. ஆகவே தோல் ஈரமாக இருக்கும்வரைதான் அதற்கு மதிப்பு. 40 டிகிரிக்கு மேல் மின்விசிறியை நம்பாதீர்கள், அது உடம்பைச் சூடாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது இதனால்தான். நம் கள்ளக்குறிச்சிச் சீமை கடற்கரைபோலப் புழுங்காது, வறண்ட வெயில். பனியனை நனைத்துப் போட்டு அதன்மேல் விசிறிச் சட்டை போட்டால் இங்கே நன்றாகவே வேலை செய்யும். கடலூர்க் கரையில் அதே பலன் கிடைக்காது.

ஏன் கிடைக்காது என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஆலையின் ஸ்ப்ரே பாண்ட். சர்க்கரைப் பாகை வேக்குவம் பேனில் காய்ச்சும்போது எழும் ஆவியைக் குளிர்விக்க ஏராளமான தண்ணீர் வேண்டும். சூடேறித் திரும்பும் அந்தத் தண்ணீரைப் பெரிய குளத்தின்மேல் நாசில் வழியாகப் பூமழையாகத் தூவுவார்கள். துளிகளில் கொஞ்சம் ஆவியாக, மீதி குளிர்ந்து விழும். வானம் மூடிப் புழுங்குகிற நாளில் மட்டும் எவ்வளவு தூவினாலும் தண்ணீர் குளிராது, பேனில் வேக்குவம் இறங்கும், காய்ச்சுகிறவர் முகம் கறுக்கும். காற்றின் ஈரம் எவ்வளவோ அதைப் பொறுத்து ஓர் எல்லை உண்டு. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டுகிற அந்த எல்லைக்குக் கீழே ஆவியாதலால் எதையும் குளிர்விக்க முடியாது.

மனிதனுக்கும் அதே எல்லைதான். ஈரத்துணி வெப்பமானி 35 டிகிரி காட்டினால், நிழலில் சும்மா இருப்பவர்கூட சில மணி நேரத்துக்கு மேல் தாங்க மாட்டார் என்று ஷெர்வுட், ஹியூபர் என்ற இரு விஞ்ஞானிகள் 2010-ல் கணக்குப் போட்டார்கள். பிறகு அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் திடகாத்திரமான இளைஞர்களை வைத்துச் சோதித்தபோது, புழுக்கத்தில் 31 டிகிரி வாக்கிலேயே உடம்பு தடுமாற ஆரம்பித்தது. பெஞ்சில் உட்கார்ந்து பெருமை பேசுகிற நமக்கு எத்தனை டிகிரி என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

காற்று போதாத இடத்துக்குத் தண்ணீர். 1966 ஜூனில் ஜெமினி-9 விண்கலத்தை விட்டு வெளியே வந்து விண்வெளியில் உழைத்த யூஜின் செர்னனின் உடையில் காற்றுக் குளிர்ச்சிதான் இருந்தது. அவர் விட்ட வியர்வையை அதனால் சமாளிக்க முடியவில்லை. தலைக்கவசக் கண்ணாடி ஆவி படிந்து மூடிப்போக, வேலையைப் பாதியில் விட்டு உள்ளே திரும்பினார். அதன்பின் நிலவுக்குப் போனவர்கள், மெல்லிய குழாய்கள் தைத்த உள்ளாடையில் தண்ணீரை ஓடவிட்டார்கள். மொத்தக் குழாயின் நீளம் ஏறக்குறைய 90 மீட்டர். ஒரே கொள்ளளவுக்குத் தண்ணீர், காற்றைப்போல 3,500 மடங்கு அளவில் வெப்பம் சுமக்கும் என்பதால் இந்தப் பாடு.

நமக்குள்ளேயே இப்படியொரு தண்ணீர்ச் சட்டை இருக்கிறது. கடும் வெயிலில் தோலுக்கு மட்டும் நிமிடத்துக்கு ஆறேழு லிட்டர் ரத்தம்கூட ஓடும். உள்சூட்டைத் தோலுக்குக் கொண்டுவருவது அதுதான். குழாயின் விட்டம் பாதியானால் ஓட்டத்துக்குத் தடை 16 மடங்கு ஆகும் என்ற கணக்கைக் கண்டவர்களில் ஒருவரான புவசேய், ரத்த ஓட்டத்தை ஆராய்ந்த பிரெஞ்சு மருத்துவர். அத்தனை ரத்தத்தையும் தள்ளுகிற பம்பு இதயம் ஒன்றே. வயதானால் வியர்வை குறையும், தாகமும் சரியாகத் தெரியாது, பம்பும் பழசு. என் வயதுக்காரர்கள் வெயிலில் போய்த் திரும்பி வந்து "ஒண்ணும் பண்ணலை" என்று சொன்னால் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

இப்போது சந்தையில் கிடைப்பவை. 2023 ஆகஸ்டில் அகமதாபாத் போக்குவரத்துக் காவலர்களுக்குக் குளிர்சாதனத் தலைக்கவசம் கொடுத்துப் பார்த்தார்கள், பேட்டரி இடுப்பில். கழுத்தில் மாட்டும் பட்டைகள் இணையத்தில் குவிகின்றன. சிலவற்றில் மின்சாரம் பாய்ந்ததும் ஒருபக்கம் குளிர்கிற தகடு இருக்கும். அதன் மறுபக்கம் கொதிக்கும். வாங்கும் முன் பேரன்மார் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: இழுத்த சூடு எங்கே போகிறது? பதில் தெரியாவிட்டால் காசு வீண். காசு போனால் போகட்டும். கழுத்தைக் குளிர வைத்தால் ஆளுக்கு இதமாக இருக்கிறது, உள்ளுடம்பின் சூடோ அவ்வளவாக இறங்குவதில்லை என்று விளையாட்டு வீரர்களிடம் செய்த ஆய்வுகள் காட்டின. இதமாக இருப்பதால் ஓய்வெடுக்காமல் உழைத்துக்கொண்டே போகிறவர் எங்கே போய் விழுவார்?

கரும்பு வெட்டுகிறவர்களுக்கு உண்மையில் பலன் கொடுத்த உடுத்தும் சாதனம் எதுவென்று தேடினால் அது மத்திய அமெரிக்காவில் இருக்கிறது. எல் சால்வடாரிலும் நிகராகுவாவிலும் சர்க்கரை நோயோ ரத்தக் கொதிப்போ இல்லாத இளம் வெட்டாட்களுக்குச் சிறுநீரகம் கெட்டு, கொத்துக் கொத்தாக இறந்தார்கள். வெயிலில் ஓயாமல் உழைப்பதும் நீர்ச்சத்து வற்றுவதும் அதில் பெரும் பங்கு வகிப்பதாக ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். எல் சால்வடாரில் ஓர் ஆலையோடு சேர்ந்து வெட்டாட்களின் முதுகில் தண்ணீர்ப் பை கட்டினார்கள். அதிலிருந்து வாய்க்கு ஒரு குழாய், நிறுத்தாமலே குடிக்கலாம். கொல்லைக்குக் கொல்லை நகர்த்தக்கூடிய நிழல் கூடாரம், நேரம் வைத்து ஓய்வு. ஓய்வு கொடுத்ததால் வெட்டு குறையும் என்று பயந்தவர்கள் உண்டு. ஆளுக்கு வெட்டும் டன் கணக்கு கூடியது.

நம் மாநிலத்தில் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் வித்யா வேணுகோபால் குழு உப்பளத் தொழிலாளர்களை ஆராய்ந்தபோது, பெரும்பாலானோர் பாதுகாப்பான வரம்பை மீறிய வெப்பத்தில் வேலை செய்வது தெரிந்தது. அதே நிறுவனம் 800 கர்ப்பிணிகளிடம் செய்த இன்னோர் ஆய்வில், கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவும் குழந்தை இறந்து பிறப்பதும் நேரும் வாய்ப்பு இரு மடங்கு என்று வந்தது. தமிழக அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்ச ரூபாய். அறிவிப்பு நல்லதுதான். இறக்காமல் பார்த்துக்கொள்வது ஊரில் இருக்கிற நம் வேலை.

கரும்புக்காரர்களும் மேஸ்திரிகளும் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். விசிறிச் சட்டை விலை இறங்கும்போது இறங்கட்டும், அப்போது வாங்கிக் கொடுங்கள். வருகிற அரவைக்கு, வெட்டு உத்தரவு கைக்கு வந்ததும் வெட்டுக்கூலி, லாரி வாடகையோடு ஒரு தார்ப்பாய்ப் பந்தல், ஆளுக்கொரு தண்ணீர்ப் பை, உப்பும் சர்க்கரையும் கலந்த ஒரு குடம் தண்ணீர், இவற்றையும் செலவுக் கணக்கில் எழுதிவிடுங்கள். விடியலில் இறங்கி பதினோரு மணிக்குள் கரையேறச் சொல்லுங்கள், மிச்சத்தைச் சாயங்காலம் வெட்டிக்கொள்ளலாம். கல்வராயன் மலையின் குளிர்ச்சியிலிருந்து கூலிக்கு இறங்கி வருகிறவர்களுக்கு நம் தரை வெயில் பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும். முதல் சில நாள் அவர்களுக்குப் பாதி வேலை கொடுங்கள், கூலியை முழுசாகக் கொடுங்கள்.