பத்தியம் முறிக்கும் நாள்

ஆர்.கே.புரம், புது தில்லி
நவராத்திரி மூன்றாம் நாள்

அன்புள்ள பாப்பா,

நேற்று ராத்திரி நீ பேசி வைத்த பிறகு எனக்குத் தூக்கமே வரவில்லை. போனில் பதில் சொன்னால் நீ அழுவாய், நான் கத்துவேன், நடுவில் அம்மா போனை வாங்கி "போதும், வைங்கடி" என்பாள். அதனால்தான் எழுதுகிறேன். கோபப்படாமல் கடைசி வரைக்கும் படி.

முடக்குவாதம் என்று டாக்டர் சொல்லி நாலு மாதம்தான் ஆகிறது. அதற்குள் மாத்திரையை நிறுத்திவிட்டுச் சாப்பாட்டாலேயே சரிசெய்துகொள்கிறேன் என்கிறாய். விலக்கப்போகிற பட்டியலையும் படித்துக் காட்டினாய். அரிசி, கோதுமை, பருப்பு, பால், தயிர், முட்டை, தக்காளி, கத்திரிக்காய், உருளைக்கிழங்கு, மிளகாய், கடுகு, சீரகம், மல்லி, காபி. நீ படிக்கப் படிக்க நான் மனசுக்குள் நம் அடுப்படி அலமாரியிலிருந்து ஒவ்வொரு டப்பாவாக எடுத்துக் கீழே வைத்துக்கொண்டிருந்தேன். முடிவில் உப்பும் புளியும் தேங்காயும்தான் மிஞ்சின.

உன்னைக் கேலி செய்யவில்லை. சாப்பாட்டை மாற்றிப் பிழைத்தவள்தான் நான். ஆனால் அந்தக் கதையில் பாதியை உங்கள் யாருக்கும் நான் சொன்னதில்லை. நான் செய்த முட்டாள்தனம் இருக்கிற பாதி அது.

கல்யாணமாகித் தில்லிக்கு வந்த புதிதில் காலையில் பரோட்டா, ராத்திரியில் சப்பாத்தி என்று மாறினேன் இல்லையா? நாலைந்து வருஷத்தில் ஹீமோகுளோபின் 7க்கு இறங்கிவிட்டது. இரும்புச்சத்து மாத்திரை மூன்று வருஷம் விழுங்கியும் ஏறவில்லை. வயிறு உப்பிக்கொண்டே இருக்கும். முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. முழங்கால் வலி வேறு. "தில்லித் தண்ணி ஒத்துக்கலை" என்று அம்மா முடித்துவிட்டாள். மாடி வீட்டுப் பஞ்சாபி ஆன்ட்டிதான் தன் பேரனுக்கும் இப்படித்தான் இருந்தது, கோதுமையை விட்டுப் பார் என்றார். விட்டேன். மூன்றே வாரத்தில் மாடிப்படி மூச்சு வாங்காமல் ஏறினேன். இரண்டு மாதம் கழித்து, எதற்கும் பார்த்துவிடுவோம் என்று பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தேன். ஆம் என்றும் இல்லை என்றும் சொல்ல முடியாத அளவில் வந்தது.

டாக்டர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "கோதுமையை எப்போது நிறுத்தினீர்கள்?" சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டார். அவர் சந்தேகப்பட்டது சீலியாக் என்ற நோயை. அது இருப்பவர்களின் உடம்பு கோதுமையிலுள்ள குளூட்டனைப் பார்த்துத் தன் சிறுகுடலையே தாக்குகிறது. சத்தை உறிஞ்சும் விரல் போன்ற சவ்வு மடிப்புகள் தேய்ந்து தட்டையாகிவிடும். அப்புறம் எத்தனை இரும்பு மாத்திரை போட்டு என்ன? அந்தத் தாக்குதலின் அடையாளத்தைத்தான் ரத்தத்தில் தேடுகிறார்கள். கோதுமையை நிறுத்திவிட்டால் நாளாக ஆக அந்த அடையாளம் மறைந்துவிடும். திருடன் போன பிறகு வீட்டைப் பூட்டிவிட்டுப் போலீஸைக் கூப்பிட்ட கதை என்னுடையது. நிச்சயம் தெரிய வேண்டுமானால் திரும்பக் கோதுமை சாப்பிட்டே ஆகவேண்டும் என்றார். தினமும் இரண்டு வேளை, ஆறு வாரம். அந்த ஆறு வாரத்தை எப்படித் தள்ளினேன் என்று உங்கள் அத்தானைக் கேள். அதற்குப் பிறகு எடுத்த ரத்தமும் எண்டோஸ்கோப்பியும்தான் உண்மையைச் சொல்லின.

என்னால் உனக்கு ஒரு காரியம் ஆகட்டும். கோதுமையை நிறுத்துவதற்கு முன்னால் அந்த ரத்தப் பரிசோதனையைச் செய்துகொள். டிடிஜி என்று கேட்டால் தெரியும். நாம் இட்லிக்காரர்கள், நமக்கு ஏது இதெல்லாம் என்று நினைக்காதே. எய்ம்ஸின் கோவிந்த் மகாரியாவும், வேலூர் சி.எம்.சி.யில் நெடுநாள் இருந்த பி.எஸ். ராமகிருஷ்ணாவும் சேர்ந்து செய்த ஓர் ஆய்வு 2016இல் வந்தது. மூன்று வட்டாரங்களில் இருபத்து மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் ரத்தத்தைப் பார்த்தார்கள். அந்த அடையாளம் வடக்கே நூற்றுக்கு 1.23 பேரிடம் இருந்தது, தெற்கே 0.10 பேரிடம்தான். ஆனால் இந்த நோய்க்கு இடம் கொடுக்கிற மரபணு வடக்கே 38.1 சதவீதம் பேரிடம், தெற்கே 36.4 சதவீதம் பேரிடம். ஏறக்குறைய சமம்! வித்தியாசம் தட்டில்தான். வடக்கே ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமை சாப்பிட்டார், தெற்கே 25 கிராம். நான் என் மரபணுவை ஊரிலிருந்தே கொண்டுவந்தேன், தில்லி கோதுமையைக் கொடுத்தது. நீ என்கூடப் பிறந்தவள். உடன்பிறந்தவர்களுக்கு வாய்ப்பு அதிகம், அவர்களையும் சோதிக்க வேண்டும் என்றுதான் டாக்டர்களும் சொல்கிறார்கள். உன் வீட்டிலும் இப்போது ராத்திரிக்குச் சப்பாத்திதானே?

ஆனால் என் நோய் வேறு, உன் நோய் வேறு. எனக்கு எதிரி யார் என்று தெரியும், ஒரே ஒரு பெயர். முடக்குவாதத்துக்கு அப்படி எல்லாருக்கும் பொதுவான ஒரு பெயரை இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. நீ படித்துக் காட்டிய அந்தப் பெரிய பட்டியலை 2019இல் அமெரிக்காவில் தைராய்டு கோளாறு உள்ள பெண்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். மொத்தமே 17 பேர், பத்து வாரம். சோர்வு குறைந்தது, உற்சாகம் கூடியது, சரி. தைராய்டைத் தாக்குகிற எதிர்ப்பொருளின் அளவோ குறையவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க, பட்டியல் கொடுக்காத இன்னொரு கூட்டமும் இல்லை.

உன் நோய்க்கே ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது, அதையும் மறைக்க மாட்டேன். நார்வேயில் ஆஸ்லோக்காரர்கள் செய்தது, 1991இல் லான்செட்டில் வந்தது. 53 முடக்குவாத நோயாளிகளில் பாதிப் பேருக்கு ஏழு முதல் பத்து நாள் பட்டினி போன்ற ஒன்று, பிறகு குளூட்டனும் பாலும் இல்லாத சைவச் சாப்பாடு. வலியும் வீக்கமும் குறைந்தன, அந்தப் பலன் ஒரு வருஷம் நிலைத்தது. ஆனால் அவர்கள் செய்த விதத்தைக் கவனி. பட்டினிக்குப் பிறகு இரண்டு நாளைக்கு ஒரு பண்டம் மட்டும் சேர்த்தார்கள். இரண்டு நாளுக்குள் வலி கூடினால் அதைக் குறைந்தது ஒரு வாரம் நிறுத்தி, மறுபடி கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டாம் தடவையும் வலித்தால்தான் விலக்கினார்கள். விலக்குவதை எவரும் செய்துவிடலாம் பாப்பா. திரும்பச் சேர்க்கும்போதுதான் விஷயம் தெரியும்.

சீலியாக்கின் சரித்திரமே இதற்குச் சாட்சி. 1924இல் சிட்னி ஹாஸ் என்ற அமெரிக்க டாக்டர் சீலியாக் உள்ள குழந்தைகளுக்கு வாழைப்பழமாகக் கொடுத்தார். தேறினார்கள். வாழைப்பழம்தான் மருந்து என்று எல்லாரும் நம்பினார்கள். அவர் ரொட்டியை நிறுத்தியிருந்தது யார் கண்ணிலும் படவில்லை. ஹாலந்தில் வில்லெம் டிக்கே என்ற குழந்தை மருத்துவருக்கு ரொட்டி மேல் முன்பே சந்தேகம். 1944-45 குளிர்காலத்துப் பஞ்சத்தில் ஊரே வாடியது, இந்தக் குழந்தைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்ப வந்ததும் நோயும் திரும்பியது. அந்தத் திரும்பலில்தான் அவருடைய சந்தேகம் உறுதியானது.

நம் பாட்டிக்கு இதெல்லாம் தெரியாது, ஆனால் பத்தியம் தெரியும். நாட்டு வைத்தியரிடம் சூரணம் வாங்கினால் புளி, கத்திரிக்காய், கருவாடு எல்லாம் தள்ளி வைப்பாள். ஒருநாளும் சூரணத்தைத் தள்ளி வைத்துவிட்டுப் பத்தியம் மட்டும் இருந்ததில்லை. பத்தியம் முறிக்கிற நாளிலும் எல்லாவற்றையும் ஒரே இலையில் பரிமாற மாட்டாள். நீ இப்போது பத்தியத்தை வைத்துக்கொண்டு மருந்தைக் கைவிடப் பார்க்கிறாய். மூட்டு ஒருமுறை அரித்துவிட்டால் எந்தச் சாப்பாடும் அதைத் திரும்ப வளர்க்காது. ஆரம்ப வருஷங்களில்தான் அதிகம் பாழாகும் என்று உன் டாக்டரே சொன்னாரே.

விலக்கிப் பார்க்கத்தான் வேண்டுமென்றால் இப்படிச் செய். டாக்டரிடம் சொல்லிவிட்டு, மாத்திரையைத் தொடர்ந்துகொண்டே, உனக்கே சந்தேகம் உள்ள இரண்டு மூன்று பண்டங்களை மட்டும் நாலு வாரம் நிறுத்து. பருப்பு, தயிர், முட்டை எல்லாவற்றையும் சேர்த்துப் பறித்தால் ஏற்கெனவே ஐந்து கிலோ இளைத்த உடம்பு எதில் நிற்கும்? ஒரு நோட்டு போடு. காலையில் விரல் மடங்க எத்தனை நிமிஷம், தேங்காய் துருவ முடிந்ததா, தூக்கம், மாதவிலக்கு, மாத்திரை போட்ட நாள், எல்லாம் எழுது. பிறகு ஒவ்வொன்றாகச் சேர். வலித்தால் நிறுத்தி, மறுபடி பார். இந்த நோய் தானாகவே ஏறும், தானாகவே இறங்கும். ஒரு நல்ல வாரத்தை வைத்துத் தக்காளியைக் குற்றவாளி ஆக்கிவிடாதே. வலிக்காத பண்டம் தட்டுக்குத் திரும்பியே ஆகவேண்டும். பயத்தில் ஒதுக்கி வைப்பது பத்தியம் இல்லை.

இங்கே மாடி வீட்டில் விரதம். ஒன்பது நாளும் தானியம் கிடையாது. குட்டு மாவில் பூரி போடுகிறார்கள், நம் ஊர்க் குட்டு இல்லை, ஒரு விதையின் மாவு, கோதுமைக்குச் சம்பந்தமில்லாதது. தில்லியில் எனக்குக் கொண்டாட்டமான நாட்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். கோதுமை அரைக்கிற அதே சக்கியில்தான் அதையும் அரைக்கிறார்கள் என்று அப்புறம்தான் தெரிந்தது. ஆன்ட்டி எனக்காக வீட்டு மிக்ஸியில் அரைத்துத் தருகிறார்.

அதைவிடப் பெரிய வேடிக்கை, கோதுமையை விட்டு ஒரு வருஷமாகியும் எனக்கு ரத்தத்தில் அந்த அடையாளத்தின் அளவு முழுதாக இறங்கவில்லை. வீட்டில் ரவை இல்லை, சேமியா இல்லை. கடைசியில் ஒரு கொலு சமயம், சுண்டலுக்குத் தாளிக்கும்போது பெருங்காய டப்பாவின் முதுகைத் திருப்பினேன். பொடி எழுத்தில் மைதா! பிசினோடு மாவு கலந்துதான் கூட்டுப் பெருங்காயம் செய்கிறார்கள். சாம்பார், ரசம், சுண்டல், ஊறுகாய் என்று தினமும் நானே எனக்குப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். மறுநாளே காரி பாவ்லி மசாலாச் சந்தைக்குப் போய்க் கலப்பில்லாத பிசின் வாங்கினேன். அடுத்த பரிசோதனையில் அளவு இறங்கியிருந்தது. பதினாலு டப்பாவைக் கீழே இறக்கியிருந்தாலும் இந்தப் பதினைந்தாவது டப்பா அலமாரியிலேயேதான் இருந்திருக்கும்.

அதில் ஒரு துண்டை இந்தக் கடிதத்தோடு கூரியரில் அனுப்புகிறேன். கடுகளவு கிள்ளி எண்ணெயில் போட்டால் போதும், தெருவே மணக்கும். நீ போன வெள்ளிக்கிழமை மாத்திரை போடவில்லை என்று மாப்பிள்ளை உங்கள் அத்தானிடம் சொல்லியிருக்கிறார். திட்ட மாட்டேன். விட்டதை டாக்டரிடம் போனில் சொல், அவர் சொன்னபடி செய், நீயாக இரண்டைச் சேர்த்துப் போட்டுவிடாதே. வருகிற வெள்ளிக்கிழமை மாத்திரையைப் போட்டதும் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடு. பேச வேண்டாம். மணி அடித்தால் போதும்.

உன் அக்கா