சென்சிடிவிட்டியைக் குறைங்க பாஸ்!

மெட்டல் டிடெக்டர்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? ஏர்போர்ட், மால் வாசல், கட்சி மாநாடு... எங்க சிங்கம்புணரியில கேட்டுப் பாருங்க, ஒரே பதில்தான்: “புதையல்!”

அவங்களைச் சொல்லியும் குத்தமில்லை. ஒரு பக்கம் பாரியோட பறம்புன்னு சொல்லப்படுற பிரான்மலை, இன்னொரு பக்கம் மருது பாண்டியர் கதைகள். அதெல்லாம் கதைன்னு தள்ளினாலும், பக்கத்து புதுக்கோட்டைச் சீமையில கருக்காக்குறிச்சின்னு ஒரு ஊர். 1898-ல அங்கே ஒரு பானையில 501 ரோமானியத் தங்கக் காசு கிடைச்சது நிஜம். இப்படிப்பட்ட ஏரியாவுல ஒருத்தன் கையில டிடெக்டரோட நடந்தா ஊர் சும்மா விடுமா? அந்த ஒருத்தன் நான்தான்.

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்காக நானும் க்ளாஸ்மேட் ஒருத்தனும் சேர்ந்து செஞ்ச மிஷின் அது. விஷயம் சிம்பிள். ஒரு காயில் மண்ணுக்குள்ள மாறிக்கிட்டே இருக்குற காந்தப்புலத்தை அனுப்பும். உள்ளே காசு இருந்தா அதுல எடி கரண்ட் சுத்தும். அது கிளப்புற குட்டிக் காந்தப்புலத்தை இன்னொரு காயில் ஒட்டுக் கேட்கும். கேட்டதை எவ்வளவு பெருசாக்கி ஸ்பீக்கருக்குக் கொடுக்கணும்னு முடிவு பண்றதுதான் சென்சிடிவிட்டி குமிழ்.

வீட்டுக் கொல்லையில சொந்தக் காசையே புதைச்சு டெஸ்ட் பண்ணினோம். ஒரு அஞ்சு ரூபா, ஒரு ஒரு ரூபா, அப்புறம் அப்பத்தா சுருக்குப்பையில இருந்து கடன் வாங்கின அம்மன் காசு. புதுக்கோட்டை சமஸ்தானத்துல புழங்கின குட்டியூண்டு செப்புக் காசு அது. “தொலைச்சீங்கன்னா வீட்டுக்குள்ள வராதீங்கடா”ன்னு அப்பத்தா வாசல்லயே உட்கார்ந்துட்டாங்க.

குமிழை ஃபுல்லா திருப்பினா என்ன ஆகும்? மிஷின் நிறுத்தாம கத்தும். காசு இருக்குற இடத்துலயும் ‘பீப்’, இல்லாத இடத்துலயும் ‘பீப்’. காரணம் நம்ம செம்மண்! அந்தச் சிவப்பே இரும்பு ஆக்சைடு கொடுத்த கலர்தான். குமிழ் காசோட குரலை மட்டும் தூக்கிவிடாது. மண்ணோட குரல், மேல போற கரண்ட் லைன், பம்ப்செட் மோட்டார், பாக்கெட்ல இருக்குற செல்போன்... எல்லாத்தையும் சேர்த்துத் தூக்கிவிடும். பாதிக்குக் குறைச்சோம். மிஷின் அமைதியாச்சு. அஞ்சு அங்குலத்துல கிடந்த அம்மன் காசு அப்பத்தான் தெளிவா பேசுச்சு.

“குறைச்சா ஆழம் போயிடாதா?”ன்னு கேட்பீங்க. கணக்கைப் பாருங்க. சின்னப் பொருள்ல இருந்து திரும்பி வர்ற சிக்னல், தூரத்தோட ஆறாவது அடுக்குல குறையும். ஆழம் ரெண்டு மடங்கானா சிக்னல் 64-ல ஒரு பங்கு. திருப்பிப் போட்டா, சென்சிடிவிட்டியை ரெண்டு மடங்கு ஏத்தினாலும் கூடுதலா கிடைக்குற ஆழம் சுமார் 12 சதவிகிதம்தான். அதாவது ஆறு அங்குலம், ஏழு அங்குலம்கூட ஆகாது. அதுக்காக காது கிழியணுமா?

இன்னொரு வேடிக்கை. அப்பத்தாவோட செப்புக் காசை ஈஸியா கண்டுபிடிச்ச மிஷின், நம்ம ஒரு ரூபாயை ஆணின்னு நினைச்சு ஒதுக்கிடுச்சு. அது காந்தத்துல ஒட்டுற ஸ்டீல். இரும்பை ஒதுக்குற செட்டிங் போட்டா காசும் சேர்ந்து போயிடும்.

ப்ராஜெக்ட் விஷயம் வெளியே கசிஞ்சதும் ஒருத்தர் வந்தார். “ஒரே ஒரு ராத்திரி குடுங்க தம்பி, இருபதாயிரம் தர்றேன்.” என் க்ளாஸ்மேட்டுக்கு அந்த செமஸ்டர் ஃபீஸ் பாக்கி. அவன் என்னைப் பார்த்த பார்வை இருக்கே... ரெண்டு நாள் எங்களுக்குள்ள பேச்சே இல்லை.

1878-ம் வருஷத்துப் புதையல் சட்டம் இன்னும் உயிரோட இருக்கு பாஸ். மண்ணுக்குள்ள கிடைச்ச புதையல் பத்து ரூபாய்க்கு மேல பெறும்னா கலெக்டருக்கு எழுத்துமூலமா சொல்லணும். மறைச்சா ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில். எனக்கு அதைவிட உறுத்தினது வேற. நம்ம மாவட்டத்துலயே கீழடிக்குப் பக்கத்து அகரத்துல 2020-ல ஒரு தங்கக் காசு கிடைச்சுது. வீரராயன் பணம்னு பேரு, சுமார் 300 மில்லிகிராம். எந்தக் குழி, எந்த அடுக்கு, கூட என்ன கிடந்ததுன்னு எழுதி வச்சதால அது வரலாறு. ராத்திரியில தோண்டியிருந்தா உருக்குற தங்கம்.

இங்கிலாந்துல ஹாக்ஸன்னு ஒரு கிராமம். 1992-ல ஒருத்தர் நண்பரோட தொலைஞ்ச சுத்தியலைத் தேடி டிடெக்டரோட போனார். தட்டுப்பட்டது சுமார் 15 ஆயிரம் ரோமானியக் காசு. மனுஷன் தோண்டுறதை நிறுத்திட்டு தகவல் சொல்லிட்டார். தொல்லியல்காரங்க வந்து ஒழுங்கா எடுத்தாங்க. அந்தச் சுத்தியலும் கிடைச்சு, பிரிட்டிஷ் மியூசியத்துக்கே போயிடுச்சு! இதை அவன்கிட்ட சொன்னேன். “அவருக்கு ஃபீஸ் பாக்கி இல்லைடா”ன்னான். பதில் சொல்ல முடியலை. ஆனா மிஷினைக் கொடுக்கலை. ஃபீஸுக்கு அவன் மாமா வட்டிக்கு வாங்கித் தந்தார்.

அடுத்த வாரமே நிஜ வேலை வந்துச்சு. எங்க ஊர் கயிறுக்குப் பேர்போனது. கயிறு திரிக்கிற களத்துல ஒரு அக்காவோட தங்கக் கம்மல் ஒண்ணு விழுந்துடுச்சு. நாரு, செம்மண்ணு, துருப்பிடிச்ச ஆணி எல்லாம் கலந்த இடம். எவ்வளவு சென்சிடிவிட்டி வைக்கிறது? என் க்ளாஸ்மேட்தான் ஐடியா கொடுத்தான். “அக்கா, இன்னொரு காதுல இருக்குறதைக் கழட்டிக் கொடுங்க.” அதை ஒரு நூல்ல கட்டி, அதே களத்து மண்ணுல ரெண்டு அங்குலம் புதைச்சோம். காயிலை மேலும் கீழும் அசைச்சு மண் சத்தத்தை முதல்ல அடக்கினோம். அப்புறம் குமிழைப் பூஜ்யத்துல இருந்து மெதுவா ஏத்தி, கம்மல் பேசுற இடத்துல நிறுத்திட்டோம். அதுக்கு மேல ஒரு பொட்டுகூட ஏத்தலை. தரையை ஒட்டி, அவசரமில்லாம, முழம் முழமா தேடினோம்.

முதல் நாள் பதினோரு ஆணி. ரெண்டாம் நாள் ஒரு சேஃப்டி பின், ஒரு பழைய பத்து பைசா. மூணாம் நாள் சாயங்காலம் கம்மல் வந்துச்சு. திருகாணி மட்டும் கிடைக்கலை. அவ்வளவு பொடிசுக்கு எங்க மிஷின் பத்தாது. அந்த அக்கா பஸ் ஸ்டாண்டுல பார்க்குறப்போ இப்பவும் கேட்பாங்க, “தம்பி, திருகாணிக்கு எப்ப வர்றீங்க?”