முந்திரித் தோப்புக்குள் போகும் வண்டிக்கு ஒரு காப்புத் தகடு

பண்ருட்டியிலிருந்து வடலூர் சாலையில் தெற்கே போனால், காடாம்புலியூர் பக்கம் இருபுறமும் செம்மண்ணும் முந்திரித் தோப்புமாக இருக்கும். இடையிடையே பலா. 2011 டிசம்பர் 30-ல் வீசிய தானே புயல் சாய்த்த தோப்புகளில், மறுபடி நட்ட மரங்கள் இன்று காய்க்கின்றன.

பலா சீசனில் ஜீப்பும் லோடு வண்டியும் தோப்புக்குள்ளேயே போய்ப் பழம் ஏற்றும். வெட்டிய மரத்தின் அடிக்கட்டை சருகு மூடிக் கிடந்தால் கண்ணுக்குத் தெரியாது. அது இடித்து ஆயில் சேம்பர் உடைந்து, ஆயில் வடிந்தது தெரியாமல் ஓட்டினால் இன்ஜின் பிடித்துக்கொள்ளும். பழுத்த பழம் வண்டியிலேயே கிடக்கும். அன்றைய மண்டி விலையும் போய்விடும்.

இதைத் தடுப்பதுதான் வண்டியின் அடியில் பூட்டும் காப்புத் தகடு. அலுமினியம் எடை குறைவு. ஆனால் விரிசல் விட்டால் ஊர்ப் பட்டறையில் பற்றவைப்பது கடினம். 3 மி.மீ. இரும்புத் தகடு, இரண்டடிக்கு இரண்டடி என்றால் ஏறக்குறைய 9 கிலோ. நெளிந்தாலும் கழற்றித் தட்டி நிமிர்த்திவிடலாம். தோப்பு வண்டிக்கு இதுவே ஏற்றது.

தகட்டைச் சேசிஸில்தான் போல்ட் போட்டு முடுக்க வேண்டும். சேம்பரில் முட்டாமல் இரண்டு விரல் இடைவெளி இருக்கட்டும். முன்விளிம்பு மேல்நோக்கி வளைந்திருந்தால் கட்டையில் குத்தாமல் வழுக்கி ஏறும். ஆயில் மாற்றவும் தண்ணீர் வடியவும் துளை விட வேண்டும். வெல்டிங் வைப்பதானால் தகட்டைக் கழற்றி வெளியே வைத்தே செய்ய வேண்டும். வண்டிக்கு அடியில் டீசல் குழாய் போகிறது.

தகட்டில் சேரும் முந்திரிச் சருகை வாரம் ஒருமுறை தட்டிவிடுங்கள். சைலன்சர் சூட்டில் அது பற்றிக்கொள்ளும்.