அந்தரத்தில் நின்ற விளக்கு

பெங்களூரு விமானபுரத்துப் பிள்ளைகளுக்கு அண்ணாந்து பார்ப்பது மூச்சு விடுவது மாதிரி. வீட்டுக்கு அந்தப் பக்கம் எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையின் மதில், மதிலுக்கு அந்தப் பக்கம் ஓடுதளம். 2008 மே மாதம் தேவனஹள்ளிக்கு மாறும்வரை பெங்களூரின் பயணிகள் விமானங்களும் அங்கேதான் இறங்கின. சோதனைக்குக் கிளம்பும் போர் விமானம் கூரையை உரசுவது போலப் போகும்போது டீச்சர் பாடத்தைப் பாதியில் நிறுத்துவார். சத்தம் ஓய்ந்ததும் விட்ட வார்த்தையிலிருந்தே தொடங்குவார். அம்மா மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டே, நிமிராமல், சத்தத்தை வைத்தே, "கிரண் போகுது" என்று விமானத்தின் பெயரைச் சொல்வாள். அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

எனக்குப் பிடித்தவை ஹெலிகாப்டர்கள். சேத்தக்கும் சீட்டாவும் பிரெஞ்சு வடிவமைப்பில், உரிமம் பெற்று எங்கள் ஊரில் கட்டப்பட்டவை. விமானம் வரும், போகும், அவ்வளவுதான். ஹெலிகாப்டர் மட்டும் வந்து நிற்கும். தரையிலிருந்து இரண்டு ஆள் உயரத்தில் நின்று, மூக்கை மெல்ல ஒரு பக்கம் திருப்பி, பின்னாலேயே நகர்ந்து, மறுபடி நிற்கும். கீழே புல் எல்லாம் சீவிவிட்ட தலைமுடி போலப் படிந்து கிடக்கும். கம்பிவேலி ஓரமாக நின்று பார்க்கும் என் சட்டைக்குள்ளும் அந்தக் காற்று புகுந்துவிட்டதாகத் தோன்றும்.

அப்பா அந்தத் தொழிற்சாலையில் ஃபிட்டர். "எப்படிப்பா விழாம நிக்குது?" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டேன். "உங்க ஸ்கூல்ல ஸ்லோ சைக்கிள் ரேஸ் வைப்பாங்கல்ல, அதுல ஜெயிக்கிறது சுலபமா? அது மாதிரிதாம்மா. ஓடுறது லேசு, நிக்கிறதுதான் பாடு" என்றார். பிறகு தரையில் சாக்கட்டியால் வரைந்து காட்டினார். மேலே சுழலும் இறக்கைகள் காற்றைக் கீழே தள்ளுகின்றன. அந்தத் தள்ளல்தான் வண்டியைத் தாங்குகிறது. இறக்கை ஒரு பக்கம் சுழன்றால் உடம்பு எதிர்ப்பக்கம் சுழலப் பார்க்கும். அதை வாலில் இருக்கும் சின்ன விசிறி பிடித்து நிறுத்துகிறது. ஒரே இடத்தில் நிற்கும்போது தான் கலக்கிய காற்றிலேயே வேலை செய்ய வேண்டியிருப்பதால் மிதமான வேகத்தில் போவதைவிட நிற்பதற்கு இன்ஜின் அதிகம் உழைக்கிறது. பின்னாளில் புத்தகங்களில் இதைப் படித்தபோது, அந்தச் சாக்கட்டிப் படத்தைவிடத் தெளிவாக எதிலும் இல்லை என்று பட்டது.

மறக்க முடியாத அந்த இரவு ஒரு மார்கழியில் வந்தது. தெருவில் கரண்ட் போய்விட்டது. எல்லாரும் மாடிக்கு வந்துவிட்டோம். கிழக்கே, தென்னை மரங்களுக்கு மேலே, ஒரு வெள்ளை வெளிச்சம் நின்றது. நட்சத்திரம் என்றால் அத்தனை பெரிதாக இருக்காது. விமானம் என்றால் நகர வேண்டும். இது நகரவில்லை, சத்தமும் இல்லை. எதிர்வீட்டு அண்ணன் வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளில் ஊறியவர்; ஜாலஹள்ளி பி.இ.எல். நிறுவனத்தில் பொறியாளராக இருந்த எழுத்தாளர் சுஜாதாவின் விஞ்ஞானக் கதைகளை எங்களுக்கு ராகம் போட்டுச் சொல்பவர். "பறக்கும் தட்டு!" என்று முதலில் சொன்னது அவர்தான். ஒரு நிமிஷத்தில் அது நான்கு மாடிகளைத் தாண்டிவிட்டது. கீழ்வீட்டுக் கன்னட அஜ்ஜி கைகூப்பினார். பக்கத்து வீட்டு மாமி குழந்தையை உள்ளே தூக்கிக்கொண்டு போனார். வெளிச்சம் லேசாக ஆடுவதாக ஒருவர் சொன்னார். இறங்குகிறது என்றார் இன்னொருவர். எனக்குக் கால் நடுங்கியது, கண்ணை எடுக்கவும் முடியவில்லை.

இரண்டாவது ஷிஃப்ட் முடிந்து அப்பா வந்தார். சைக்கிளைச் சாத்திவிட்டு, சாப்பாட்டுத் தூக்கோடு அப்படியே மேலே ஏறினார். யாரையும் அவர் கேலி செய்யவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என்னை முன்னால் நிறுத்தினார். "ஹெலிகாப்டர்தான். நம்மள நேரா பாத்துக்கிட்டு நிக்குது. முன்விளக்கு கண்ணுல அடிக்கிறதால மத்த விளக்கெல்லாம் மறைஞ்சு போச்சு. காத்து இங்கேருந்து அந்தப் பக்கம் வீசுது, அதான் சத்தம் வரல. திரும்பட்டும், பாரு. இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை."

காத்திருந்தோம். வெளிச்சம் சட்டென்று மங்கியது. அதற்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி. அடிவயிற்றில் விட்டு விட்டு எரியும் சிவப்பு. "வலப்பக்கத்தைக் காட்டுது" என்றார் அப்பா. காற்று திரும்பியபோது தட தடவென்று அந்தச் சத்தம் எங்களிடம் வந்து சேர்ந்தது. மாடிகளில் எல்லாரும் கைதட்டினார்கள்.

கண் ஏமாறுவதற்கு இருட்டே போதும். தனியாக ஒரு வெளிச்சத்தைப் பார்க்கும்போது அது எவ்வளவு தூரம், எவ்வளவு பெரிது என்று ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்தில் எதுவும் இருப்பதில்லை. அசையாத புள்ளியை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் அது அசைவதாகவே தெரியும். படித்தவருக்கும் அப்படித்தான், காவல் காக்கும் வீரருக்கும் அப்படித்தான். லடாக்கில் 2012 ஆகஸ்ட் முதல் 2013 பிப்ரவரி வரை, நம் ராணுவத்தினர் ஓர் ஏரிக்கு மேலே தெரிந்த வெளிச்சங்களை 329 முறை குறித்து வைத்தார்கள். சீனாவின் உளவு டிரோன்களாக இருக்கலாம் என்பது சந்தேகம். விடை சொன்னது எங்கள் ஊர், கோரமங்களாவில் இருக்கும் இந்திய வான் இயற்பியல் நிறுவனம். லடாக்கின் ஹான்லேயில் 4,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் தங்கள் தொலைநோக்கியைப் பெங்களூருக்குப் பக்கத்து ஹொசகோட்டையிலிருந்தே இயக்குகிறவர்கள் அவர்கள். வெளிச்சங்கள் வியாழனும் வெள்ளியும் என்று கண்டுபிடித்தார்கள். இதைச் சிரிப்புச் செய்தியாக்கினார்கள் சிலர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. குளிரில் நின்று 329 முறை எழுதி வைத்தார்களே, அந்தக் குறிப்புகள் இருந்ததால்தானே விடை கிடைத்தது.

தட்டு வடிவத்திலேயே ஒன்றைச் செய்து பார்த்தவர்களும் உண்டு. கனடாவின் அவ்ரோ நிறுவனம் அமெரிக்க ராணுவத்துக்காகச் செய்த அவ்ரோகார், தரையிலிருந்து சுமார் மூன்று அடிக்கு மேல் போனதும் தள்ளாடியது; 1961இல் கைவிட்டார்கள். அந்தரத்தில் நிற்கும் ஜெட் விமானமான சீ ஹாரியர் நம் கடற்படையிடமே 1983 முதல் 2016 வரை இருந்தது.

ஆனால் எங்கள் வீட்டில் கொண்டாடிய நாள் 1992 ஆகஸ்ட் 20, வியாழக்கிழமை. இந்தியாவிலேயே வடிவமைத்த புதிய ஹெலிகாப்டர், பின்னாளில் துருவ் என்று பெயர் பெற்றது, அன்று முதன்முதலாக எங்கள் ஓடுதளத்திலிருந்து எழும்பியது. ஜெர்மனியின் எம்.பி.பி. நிறுவனத்தின் துணையோடு 1984இல் தொடங்கிய வேலை. 5.5 டன் எடை, இரண்டு இன்ஜின், நாலு இறக்கைகள். அப்பா வீட்டுக்கு வந்தபோது சட்டை முழுக்க எண்ணெய். "நின்னுச்சும்மா" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு மேல் அவரால் பேச முடியவில்லை. அம்மா கேசரி கிளறினாள், தெருவுக்கே கொடுத்தோம். எதிர்வீட்டு அண்ணன் அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

வேற்றுக் கிரகத்திலிருந்து வந்தது என்று நம்புவதைவிட, பக்கத்து வீட்டுக்காரர் செய்தது என்று தெரிவதுதான் எனக்குப் பெரிய அதிசயமாக இருந்தது, இன்றும் இருக்கிறது. ராணுவத்திடம் 2002இல் சேரத் தொடங்கிய துருவ், 2020 செப்டம்பரில் தயாரிப்பு எண்ணிக்கையில் 300ஐத் தொட்டது. அதன் வழியில் வந்த பிரசண்ட் தாக்குதல் ஹெலிகாப்டர்கள் 156 வாங்க 2025 மார்ச்சில் ஒப்பந்தமாகியிருக்கிறது. அவற்றில் ஒன்றிரண்டாவது ஏதோ ஒரு பிள்ளையின் மாடிக்கு மேலே இரவில் நிற்கும்.

அப்படி ஏதாவது கண்ணில் பட்டால், செல்போனைத் தேடுமுன் மணியைப் பாருங்கள். எந்தத் திசை, காற்று எந்தப் பக்கம், சிவப்பா பச்சையா, எத்தனை நேரம் நின்றது என்று பிள்ளைகளை எழுதி வைக்கச் சொல்லுங்கள். பெங்களூரு வந்தால் பழைய ஏர்போர்ட் சாலைப் பக்கம், 2001இல் திறந்த எச்.ஏ.எல். அருங்காட்சியகத்துக்கு அவர்களைக் கூட்டிக்கொண்டு போங்கள். கையால் செய்த விமானங்கள் தொடும் தூரத்தில் நிற்கின்றன.