பைனாகுலரில் பனி மூடுகிறதா? கண்ணாடியைத் துடைக்காதீர்கள்!

மார்கழி என்றால் கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தை பைனாகுலரில் பார்க்க நல்ல காலம். அதற்கு முன் ஒரு சிறு பாடம்.

எங்கள் ஆதம்பாக்கம் குடியிருப்பில் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன், பிறந்தநாள் பணத்தைச் சேர்த்து ஒரு பைனாகுலர் வாங்கினான். மழை விட்ட ஓர் இரவு, ஏசி அறையிலிருந்து எடுத்துக்கொண்டு நிலா பார்க்க மாடிக்கு ஓடினான். எல்லாம் வெள்ளையாகத் தெரிந்தது. "ஏமாத்திட்டாங்க சார்" என்று கண் கலங்கி நின்றான். சட்டை நுனியால் துடைக்கத் துடைக்க மறுபடி மூடியது.

பொருளில் குறையே இல்லை. வெளியே வெப்பம் 28 டிகிரி, ஈரப்பதம் 85 சதவீதம் என்று வையுங்கள். 25 டிகிரிக்கும் கீழே குளிர்ந்திருக்கும் எதன்மேலும் அந்தக் காற்றின் ஈரம் நீராகப் படியும். ஐஸ் தண்ணீர் டம்ளர் வியர்ப்பது போலத்தான். அரை மணி நேரம் பொறுத்தோம். லென்ஸ் தானே தெளிந்தது. நிலாவின் பள்ளங்களைப் பார்த்தபோது அவன் போட்ட சத்தம் கீழ்வீடு வரை கேட்டது!

மார்கழியில் காரணம் வேறு. தெளிந்த வானத்தின் கீழ் இருக்கும் பொருள், தன் வெப்பத்தை வானை நோக்கி இழந்து, காற்றைவிடக் குளிர்ந்துவிடும். தெருவில் நிறுத்திய ஸ்கூட்டர் சீட் நனைவதும், ஷெட்டில் நின்றது காய்ந்திருப்பதும் இதனால்தான்.

செய்ய வேண்டியவை:

1. ஏசி அறையிலேயே ஜிப் கவரில் போட்டு மூடி வெளியே கொண்டு வாருங்கள். அரை மணி கழித்துத் திறங்கள்.

2. பார்க்காத நேரத்தில் லென்ஸை வானம் பார்த்து வைக்காதீர்கள். மூடி போடுங்கள்.

3. சட்டை, புடவைத் தலைப்பு வேண்டாம். தூசி கீறிவிடும்.

4. ஈரத்தோடு பெட்டியில் பூட்டாதீர்கள். காயவைத்து, சிலிக்கா ஜெல்லுடன் வையுங்கள். இல்லையென்றால் நம் சென்னைக் காற்றில் லென்ஸில் பூஞ்சை வந்துவிடும். அது வந்தால் செலவுதான்.

ராணுவத்தின் இரவுப்பார்வைக் கருவிகள் பலவற்றில் நைட்ரஜன் நிரப்பி அடைத்திருப்பார்கள். அது உள்ளே ஈரம் படியாமல் தடுக்கும்; வெளிக்கண்ணாடிக்கு அவர்களுக்கும் இதே விதிதான். ஈரம் மிகுந்தால் பெரிய தொலைநோக்கிகளின் கூரையையே மூடிவிடுவார்கள்.

வீட்டில் பிள்ளைகளிடம் பைனாகுலர் இருந்தால், இதைப் படித்துக் காட்டுங்கள். கெட்டுப்போனது என்று பரணில் போட்டிருந்தால், இன்றே இறக்கிப் பாருங்கள்.